இழுத்துப் பார்த்த அளவு

வரதராஜனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வலது கண் போன தீபாவளிக்கு முன்பே அணைந்துவிட்டது. இடது கண்ணில், பொழுது சாய்ந்த பிறகு விளக்குப் போடாத வீட்டில் தெரிகிற அளவுக்கு ஏதோ கொஞ்சம் மிச்சமிருந்தது. பதினெட்டு வருஷமாக உடம்பில் சாதுவாகக் குடியிருந்த சர்க்கரை, கடைசியில் கண்ணுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. சென்னையில் பெரிய டாக்டர் லேசர் வைத்துப் பார்த்தார், ஊசி போட்டுப் பார்த்தார், பிறகு ஒரு நாள் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "இருக்கிற பார்வையைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். பத்திரமாக வைத்துக்கொள்ள அது என்ன நகையா, பீரோவில் பூட்டி வைக்க? திரும்பி வரும் மின்சார ரயிலில் திருவாலங்காடு தாண்டும்வரை அந்த டாக்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள் காஞ்சனா.

"எத்தினி நாளுன்னு கேட்டியா?" என்றான் வரதராஜன், ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.

"கேட்டேன் பாவா." அத்தை மகனைக் கட்டிக்கொண்டவள், கல்யாணமாகி இருபத்தேழு வருஷம் கழித்தும் அவன் அவளுக்குப் பாவாதான். "ஆடி தாண்டறது கஷ்டம்னாரு."

"தையி, மாசி..." என்று விரல் விட்டு எண்ணினான். "ஆறு மாசம் கீது. போதும்."

எதற்குப் போதும் என்று அவள் கேட்கவில்லை. ஒரு மாசமாக வீட்டில் வேறு பேச்சே கிடையாது. வரதராஜன் அரக்கோணம் பக்கத்தில் ஓர் எஞ்சினியரிங் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் மில்லிங் மெஷினில் நின்றவன். இரும்பையும் அலுமினியத்தையும் கேட்ட அளவுக்குச் சீவித் தருகிற மெஷின் அது. முதலில் கையால் சுற்றுகிற மெஷினில் நின்றான், அப்புறம் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுத்தால் தானாக ஓடுகிற சிஎன்சிக்கு மாறினான். தலைமயிரில் பாதிக் கனம் கூடினாலும் குறைந்தாலும் அவனுக்கு நகக்கண்ணில் தெரிந்துவிடும் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லுவார்கள். பார்வை மங்கி, ஒரே வாரத்தில் இரண்டு கட்டரை உடைத்த பிறகு, கம்பெனி ஒரு சால்வையைப் போர்த்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சால்வையில் ஒரு குறையும் இல்லை, நல்ல சால்வைதான். ஐம்பத்திரண்டு வயசில் ஒரு மனுஷன் அதைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார முடியுமா?

முடியாது என்றான் அவன். வீட்டிலேயே ஒரு சிஎன்சி கட்டப்போகிறேன் என்றான்.

"மெஷினுக்குக் கண்ணு வேணாம் காஞ்சனா. நம்பர் சொன்னா போவும், நம்பர் சொன்னா வரும். நம்பர் எழுதறத தீபா ஓசூர்லேர்ந்தே அனுப்பிடும். துண்டை மாட்டறதுக்கும் கழட்டறதுக்கும் எனக்குக் கை போதும். கட்டர் ஒழுங்கா வெட்டுதா இல்லியான்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். மெஷினை நேரா கட்டி முடிக்கிற வரிக்கும்தான் கண்ணு வேணும். அப்பால அது இருந்தா இன்னா, போனா இன்னா?"

இதுதான் அவன் கணக்கு. கண்ணுக்கும் மெஷினுக்கும் ஓட்டப் பந்தயம். மெஷின் முந்தினால், பார்வை இல்லாவிட்டாலும் வரதராஜன் வேலைக்காரன். கண் முந்தினால், அவனைக் கைப்பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போக வேண்டியதுதான் பாக்கி. பைத்தியக்காரத்தனம் என்று மகள் தீபாவே போனில் சொன்னாள். காஞ்சனா மட்டும் அப்படிச் சொல்லவில்லை. சால்வையோடு வந்து இறங்கிய அன்று அவன் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்குப் பின்னால் அவளுடைய பவர்லூம் நின்ற ஷெட் இருந்தது. தறி ஓடி ஒரு வருஷமாகியிருந்தது. அதை விற்றபோது யாரும் கண்ணீர் விடவில்லை; அந்தச் சத்தம் ஒழிந்ததே என்று தெருவில் சந்தோஷப்பட்டவர்கள்தான் அதிகம். அந்த இடத்தில் இரும்புச் சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு கூடு எழுப்பினான். குழாய்களுக்குள் கே.ஜி.கண்டிகையிலிருந்து இறக்கிய எம்-சாண்ட் மணலை, இறுகினால் கல்லாகிவிடுகிற ரெசின் பசையில் குழைத்துக் கொட்டினார்கள். மெஷின் கனமாக இருந்தால்தான் நடுங்காமல் வெட்டும். மோட்டார், திருகுத் தண்டு, வயர் எல்லாம் சென்னையிலிருந்து பார்சலில் வந்தன. முகத்தை ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு, டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினான். காலையில் எட்டு மணிக்கு ஷெட்டுக்குள் போனால் வெயில் இறங்கும்வரை வெளியே வரமாட்டான். வெயில் இறங்கிவிட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

ஒரே ஒரு சங்கடம், அளவு பார்ப்பது. கண்ணை எவ்வளவு இடுக்கினாலும் நம்பர் தெரியவில்லை. முதலில் காஞ்சனாவின் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்துப் பழக்கினான். அதன் பிடியைத் திருகினால், போதுமான அழுத்தம் வந்ததும் டிக் டிக் என்று தானாக வழுக்கிவிடும்; யார் பிடித்தாலும் ஒரே அளவுதான் காட்டும். ஆனால் அதிலிருந்த எறும்புக் கோடுகளைப் படிப்பது அவள் மண்டையில் ஏறவில்லை. அதனால் டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்கினான். கீழே இரண்டு தாடை, மேலே இரண்டு அலகு. பொருளைத் தாடைக்குள் கவ்வினாலும், இடைவெளிக்குள் அலகை விட்டு விரித்தாலும், சின்னத் திரையில் அளவு வரும். பஸ் நம்பர் படிக்கத் தெரிந்தால் போதும்.

"உன் கண்ணு, என் கை. ஆவுற வேலைதான்" என்றான். அவள் படித்துச் சொன்ன எந்த அளவையும் அவன் இரண்டாம் முறை கேட்டதில்லை. கேட்டுக்கொண்டு மனசில் எழுதிவைத்துக்கொள்வான்.

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காஞ்சனா பிறந்தது அம்மையார்குப்பத்தில், நெசவுக்காரர் வீட்டில். லுங்கி நெய்து, துணி வாங்குகிற சவுகாரிடம் கொண்டுபோனால், மீட்டர் கட்டை மேல் போட்டு அளப்பார்கள். ஒரு முனையை நெய்தவளே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு விரற்கடை குறைந்தால், பிடித்த கை லேசாகப் பின்னால் இழுக்கும். துணி நீண்டு கோட்டைத் தொடும். சவுகாருக்கும் இது தெரியும், நெய்தவளுக்கும் தெரியும். முதல் தண்ணீரில் துணி தன் பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும், அதற்குள் அது சித்தூரிலோ நெல்லூரிலோ யார் இடுப்பிலோ இருக்கும். இதை ஏமாற்று என்று யாரும் சொல்வதில்லை. அளவை வரவேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவது பிடிக்கிறவள் பொறுப்பு, அவ்வளவுதான். இருபது வருஷம் அப்படி இழுத்துப் பழகிய கை, வெர்னியரைப் பிடித்தபோதும் அதையே செய்தது. எண்பது வரவேண்டிய இடத்தில் எழுபத்தொன்பது புள்ளி தொண்ணூற்றாறு என்று காட்டினால், அவள் கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் தள்ளும். எண்பது வந்துவிடும். வந்ததைப் படிப்பாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

சின்னச் சின்ன அளவுகளில் அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. சித்திரையில் தண்டவாளம் பதிக்கிற நாள் வந்தது.

தண்டவாளம் என்றால் ஒரு முழ நீளத்தில், பளபளவென்று இரண்டு எஃகுப் பட்டைகள். அவற்றின் மேல்தான் மெஷினின் மேஜை முன்னும் பின்னும் ஓடும். இரண்டுக்கும் நடுவில் நூற்றெண்பது மில்லிமீட்டர் இடைவெளி; முன்னாலும் நடுவிலும் பின்னாலும் அதே நூற்றெண்பது. ஒரு மயிரிழை கோணினாலும் மேஜை திணறும், திணறினால் வெட்டுகிற துண்டெல்லாம் கோணும். பட்டைகளை ரெசினில் பதித்து, அது இறுகுவதற்குள் நேர் பார்த்துவிட வேண்டும். இறுக நாற்பது நிமிஷம். அதற்கப்புறம் சுத்தியலால்தான் பேச வேண்டும்.

"மொத்த மெஷினும் இந்த நாப்பது நிமிஷத்துலதான் கீது" என்று அவன் காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டான். குளித்துவிட்டு, கோயில் மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரெசினைக் கலக்கினான்.

"முன்னாடி?"

"நூத்தியெம்பது. பூஜ்யம் பூஜ்யம்."

"நடுவுல?"

"நூத்தியெம்பது."

"பின்னாடி?"

அலகை உள்ளே விட்டு விரித்தாள். கட்டைவிரல் தன் பாட்டுக்குத் தள்ளியது. "நூத்தியெம்பது பாவா. கரெக்டா கீது."

அவன் போல்ட்டுகளை முடுக்கினான். மேஜையின் அடிக்கட்டையைப் பட்டைகளின் மேல் ஏற்றி, உள்ளங்கையால் மெதுவாகத் தள்ளிப் பார்த்தான். முன்னிருந்து பின்னால், பின்னிருந்து முன்னால். மூன்றாம் தடவை பின்கோடியில் கை நின்றது.

"இங்க வர்றப்ப லேசா புடிக்குது. இன்னொரு தபா பாரு."

காஞ்சனா குனிந்தாள். முதல் தடவையாக, கட்டைவிரலை எடுத்துவிட்டு வெர்னியரைச் சும்மா விட்டுப் பார்த்தாள். திரையில் நம்பர் சரிந்தது. நூற்று எழுபத்தொன்பது புள்ளி எண்பத்தெட்டு. மறுபடி தள்ளினாள், நூற்றெண்பது. விட்டாள், எண்பத்தெட்டு. ஜனவரியிலிருந்து தான் படித்துச் சொன்ன அளவுகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

அவள் அவனைப் பார்த்தாள். ரெசின் பக்கெட் சூடேற ஆரம்பித்திருந்தது, அதன் காட்டமான வாசம் ஷெட் முழுக்க அடித்தது. அவன் முழங்கால் போட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, மிச்சமிருந்த அந்தக் கொஞ்சம் பார்வையால் அவள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இருபத்தைந்து நிமிஷம் போய்விட்டது. இப்போது சொன்னால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், ரெசின் பாழ், இன்னொரு டின் வர பத்து நாளாகும். பத்து நாளில் அவன் கண் எத்தனை போய்விடும்? அதுவும் போக, எத்தனையோ பீஸ் துணி இழுத்துக் கொடுத்தாகிவிட்டது, எதுவும் திரும்பி வந்ததில்லை. மயிரிழை அளவுக்கு ஒரு கோணல், ஓட ஓட சரியாகிவிடாதா? துணியே படிந்து வருகிறதே.

இரும்பு துணி இல்லை என்று அவளுக்குத் தெரியாமலா போயிற்று? தெரியும். தெரிந்தேதான் கட்டைவிரலை வைத்தாள், தள்ளினாள்.

"நூத்தியெம்பது" என்றாள். "பூஜ்யம் பூஜ்யம்."

"ஆங்?" என்றான். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "அப்ப என் கைதான் தப்பா சொல்லுது. கண்ணு போச்சி, இப்ப கையும் போவுது போல" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அவனுக்கு அவள் முகம் தெரியாது என்று தெரிந்தும், பல்லைக் காட்டிச் சிரித்தாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள்.

வைகாசியில் மோட்டார்கள் ஏறின. ஆனியில் மெஷின் ஓடியது. முதல் அலுமினியத் துண்டை வெட்டியபோது அவன் சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். அறைந்த சாணி மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டிருந்த மனுஷன், பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் ஆறுமுகத்தைக் கூப்பிட்டு, தீபாவுக்கு வீடியோ எடுக்கச் சொல்லி, துருவல் தெறிக்கிற சத்தத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். மேஜை பின்கோடிக்குப் போகும்போதெல்லாம் மோட்டார் ஒரு குரல் தாழ்ந்து முனகியது. அதை அவன் கேட்டான் என்று காஞ்சனாவுக்கு நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவன் புருவம் சுருங்கியது. ஒவ்வொரு தடவையும், அளவு சரியாகத்தானே இருக்கிறது, புதுசு அல்லவா, கிரீஸ் பிடிக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன, ஒரே பம்பைச் சத்தம், அரோகரா சத்தம். அவன் கையில் சாப்பாட்டுத் தட்டோடு, "காஞ்சனா, மை கொட்டினாப்புல கீது" என்றான், மழை வருகிறது என்று சொல்கிற குரலில். அவள்தான் அலறினாள். சென்னைக்கு ஓடினார்கள். டாக்டர் இந்தத் தடவை ஃபைலைத் திறக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் சுவரைத் தடவிக்கொண்டு நேராக ஷெட்டுக்குப் போய் மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அழாதே. நாமதான் முந்திட்டோமே" என்றான்.

அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

கம்பெனியில் அவனிடம் வேலை பழகிய கங்காதரன், இப்போது திருவள்ளூர் பக்கம் சொந்தமாகச் சின்ன ஒர்க்‌ஷாப் வைத்திருந்தான். உள்ளங்கை அகலத்தில் நாலு ஓட்டை போட்ட அலுமினியத் தகடு, அதில் இருபது சாம்பிள் சரியாக வந்தால் மாசா மாசம் வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தான். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை, படமும் அனுப்பியிருந்தான். வரதராஜன் வெட்டினான். தடவித் தடவித் துண்டை மாட்டுவான், பட்டனை அழுத்துவான், தலையைச் சாய்த்துக் கேட்பான், நின்றதும் கழற்றி அவளிடம் நீட்டுவான்.

அவள் இப்போது கட்டைவிரலை வைக்கவில்லை. சும்மா விட்டு, உள்ளபடி படித்துப் பார்த்தாள். ஒன்று புள்ளி பத்து குறைந்தது, ஒன்று புள்ளி பதினைந்து கூடியது, எப்போதோ ஒன்று சரியாக வந்தது. ஆனால் வாய் மட்டும் எல்லாவற்றுக்கும் "சரியா கீது" என்றது. வேறு என்ன சொல்வது? இன்னும் இருபது சேரவில்லை என்று சொல்லிச் சொல்லியே எண்பது தகடு வெட்டவைத்து, அவற்றில் உள்ளதற்குள் தேவலாம் என்று இருபதைப் பொறுக்கி டப்பாவில் வைத்தாள். மீதி அறுபதைக் கோணியில் கட்டி, அவன் கை போகாத பரணில் தூக்கிப் போட்டாள். எத்தனை வெட்டினோம் என்று அவன் கேட்டபோது இருபத்திரண்டு என்றாள். அவனுக்கே எண்ணிக்கை தெரியாதா என்ன? என்னவோ போல அவள் பக்கம் திரும்பினான், பிறகு, "நாளு போறதே தெரியல" என்று விட்டுவிட்டான்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை கங்காதரன் பைக்கில் வந்தான். டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்திருந்தான். நல்ல பையன்; போனில் சொல்ல மனசு வராமல் நேரில் வந்திருந்தான். காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணே, மூணுதான் தேறுது. மீதியெல்லாம் பின்பக்கத்து ஓட்டை எடம் வுட்டு ஓடிக்கினு போயிருக்கு" என்றான்.

"சான்ஸே இல்லடா. ஒவ்வொண்ணும் பார்த்து அனுப்பினது" என்றான் வரதராஜன்.

"மெஷினை ஒரு தபா பார்க்கலாமாண்ணே?"

ஷெட்டில் கங்காதரன் மேஜையைக் கையால் தள்ளினான். பின்கோடியில் கை நின்றது. கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, டிக் டிக் என்று வழுக்குகிற உள் மைக்ரோமீட்டரை எடுத்துப் பட்டைகளுக்கு நடுவில் வைத்தான். முன்னால் பார்த்தான், நடுவில் பார்த்தான், பின்னால் இரண்டு தடவை பார்த்தான்.

"பின்னாடி பன்னண்டு கம்மியா கீதுண்ணே. நூத்தி எழுபத்தொம்போது எம்பத்தெட்டு."

"நூத்தியெம்பதுடா அது. காஞ்சனா பார்த்தா. ரெண்டு தபா பார்த்தா." வரதராஜனின் குரலில் லேசாகச் சிரிப்புகூட இருந்தது. "உன் மைக்கை மொதல்ல செக் பண்ணு. காஞ்சனா, வெர்னியர் எடுத்தாந்து காட்டு அவனுக்கு."

அவள் எடுத்துவந்தாள். இரண்டு ஆண்கள் காத்திருக்க, அலகை உள்ளே விட்டாள். சத்தியமாகச் சும்மா பிடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவன் முகம் எதிரே இருந்தது, கட்டைவிரல் தள்ளிவிட்டது. திரையில் நூற்றெண்பது. கங்காதரன் திரையைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டில் புடைத்திருந்த நரம்பைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், உடனே பார்வையை விலக்கிக்கொண்டான்.

"இன்னாடா சத்தத்தையே காணோம்? எவ்ளோ காட்டுது?" என்றான் வரதராஜன்.

கங்காதரன் குனிந்து தன் மைக்ரோமீட்டரைப் பெட்டிக்குள் வைத்தான். அவன் சொல்லமாட்டான் என்று காஞ்சனாவுக்குப் புரிந்தது. தான் இப்போது சும்மா இருந்துவிட்டால், இரும்பு தானாக இறங்கிவிட்டது, வெயிலில் முறுக்கிக்கொண்டது என்று ஏதாவது சொல்லி மூடி மறைத்துவிடலாம் என்பதும் புரிந்தது.

"நான் இழுத்தேன் பாவா" என்றாள்.

"எதை இழுத்தே?"

"வெர்னியர. துணிய இழுக்கறாப்புல. சும்மா வுட்டா கம்மியாதான் காட்டுது. மொதல்ல தெரியாம செஞ்சேன். நீங்க ரெண்டாந்தபா பாக்கச் சொன்னீங்களே, அப்ப... அப்ப தெரிஞ்சிதான் செஞ்சேன். ரெசின் வீணாப் பூடும்னு... நீங்க அவ்ளோ ஆசையா கட்டினீங்க." அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

வரதராஜனின் கை மேஜையின் மேல் ஊர்ந்து, மெதுவாக அதைப் பின்னால் தள்ளியது. பிடிக்கிற இடத்தில் நின்றது. அங்கேயே கையை வைத்திருந்தான்.

"ஒடைச்சிட்டு மறுபடி போட்டுடலாண்ணே" என்றான் கங்காதரன் அவசரமாக. "ரெசின்தானே. உளி வெச்சி எடுத்துட்டு, பட்டைய மறுக்கா நிமித்தி..."

"யாரு கண்ணுல?"

கங்காதரன் பெட்டியை மூடினான்.

"ஒடைக்கலாம். ஒடைக்கறதுக்குக் கண்ணு வேணாம். அப்பால யாரு கண்ணுல நிமித்தறது கங்கா? நீ தெனம் கடைய மூடிட்டு வருவியா? தண்டவாளம் மட்டுமா, அதுக்கு மேல ஏத்தினது எல்லாமே இந்த நூத்தியெம்பத நம்பி வெச்சது. இன்னும் எது எது இழுத்துப் படிச்ச அளவோ, யாருக்குத் தெரியும்? எல்லாம் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். தையில எனக்கு வெளிச்சம் இருந்திச்சி. அத்தினியும் இதுலயே கொட்டிட்டேன்." அவன் கோபமாகப் பேசவில்லை. அப்ரன்டிஸ் பையனுக்குப் பாடம் சொல்கிற குரலில், நிதானமாகப் பேசினான். "நீ கெளம்பு. காலங்காத்தால வேலையை வுட்டுட்டு வந்திருக்கே."

கங்காதரன் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

காஞ்சனா வரதராஜனின் காலடியில், இரும்புத் துருவல் மேலேயே உட்கார்ந்தாள். "திட்டுங்க பாவா. ரெண்டு அறை அறைஞ்சிடுங்க. இப்டி நிக்காதீங்க" என்று அழுதாள். அவன் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கண்ணைத் திருடிவிட்டாயே பாவி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவள் வாழ்ந்திருப்பாள்.

அவன் மேஜையிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைத் தடவிக்கொண்டான். "அன்னிக்கி என் கை கரெக்டாதான் சொல்லிச்சி. நான்தான் அதை நம்பாம உன்னை நம்பினேன்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மெஷினின் மேல் பழைய பெட்ஷீட்டைப் போட்டு மூடியது அவன்தான். பிறகு ஷெட்டுப் பக்கமே போகவில்லை. வீட்டில் சண்டை இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான், கூப்பிட்டால் ஆங் என்றான். ஆனால் மாத்திரைகளை அவள் கையிலிருந்து வாங்காமல், அட்டையை வாங்கித் தானே தடவிப் பிரித்துக்கொள்ள ஆரம்பித்தான். சட்டை என்ன நிறம் என்று கேட்பதில்லை. தீபா போன் செய்தால், வெளியே மழையா வெயிலா என்பதைக்கூட வாசலுக்குப் போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான். இதெல்லாம் தற்செயல் என்று காஞ்சனா தனக்குச் சொல்லிக்கொண்டாள். பத்து நாளும் அப்படியே சொல்லிக்கொண்டாள்.

பதினோராம் நாள், தாலுகா ஆபீசில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு முகாம் என்று அறிவித்திருந்தார்கள். போகலாம் என்று அவனாகத்தான் சொன்னான். பதினொரு மணிக்கு டாக்டர் வருவார், பத்தரைக்குள் போய் டோக்கன் வாங்க வேண்டும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். ஆறுமுகம் எதிரே தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான், அவன்தான் கூட்டிப்போகப் போகிறான். காஞ்சனா கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி இன்னா ஆச்சி?" என்றான் வரதராஜன்.

பத்து நாளில் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி. அவள் பதறிப்போய்ப் பையிலிருந்து போனை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, ஒரு நிமிஷம்கூடக் கூட்டாமல் குறைக்காமல் படித்தாள்.

"பத்து பதிமூணு பாவா."

அவன் தலையை ஆட்டினான். அவள் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பிறகு அவன் தெருப் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"ஆறுமுகம்! மணி இன்னாடா?"

ஆறுமுகம் துணியை உதறிக்கொண்டே, எதையும் பார்க்காமல் சொன்னான். "பத்தே கால் இருக்கும்ணே."

"பத்தே கால்" என்று சொல்லிக்கொண்டே வரதராஜன் எழுந்தான். "அப்ப கெளம்பலாம், நேரமாச்சி." அவளைக் குத்திக்காட்டுவதற்காக அவன் இதைச் செய்யவில்லை. உண்மையிலேயே அவனுக்கு மணி தெரிய வேண்டியிருந்தது. முன்னால் கையை நீட்டி, காற்றைத் துழாவி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். காஞ்சனா போனைப் பார்த்தாள். இன்னமும் பத்து பதிமூன்றுதான் ஆகியிருந்தது.